பித்தளை எக்காளத்துக்குப் பட்டுச் சுற்றிய பிழை

நலம் பெருகுக! செம்பியாற்று நாட்டின் காவலரும், போருக்கே போகாமையால் எப்போரிலும் புறமுதுகு காட்டாதவருமாகிய முடிவேலக் கோமான், கடல்வளம் கொழிக்கும் உவரி நாட்டில் தங்கியிருக்கும் எக்காள வல்லுநர் நன்னாகருக்கு விடுக்கும் ஓலை. அந்நாட்டு மன்னர் வாழ்க. உமக்கு இடமளித்த மக்கள் வாழ்க.

வெள்ளம் வந்தால் ஊர்களை எச்சரிக்கும் நம் கரைக்காவல் மாடத்து எக்காளம், சித்திரையில் புது மெருகேறி வந்தது. அதில் நம் முகம் அரண்மனைக் கண்ணாடியில் தெரிவதைவிட மெலிந்து தெரிந்தமையால், அதன்மேல் பெருங்காதல் கொண்டோம். உம் கைவியர்வை பட்டு, பிடிக்கும் இடம் மூன்றே மாதத்தில் மங்கியதும், பாதி நாடு பறிபோனதுபோல் கொதித்துக் குழல் முழுதும் பட்டுச் சுற்றப் பணித்தோம். பட்டு வழுக்கும் என்றும், பிடிக்கு மட்டும் மெல்லிய தோல் சுற்றி, ஊதி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் மெருகு நிலைக்கும் என்றும் நீர் பணிவோடு உரைத்தீர். நாமோ உம்மை நாடுகடத்த ஆணையிட்டு, கை வியர்க்காதவர் என்ற ஒரே தகுதிக்காக நம் மைத்துனர் ஏழிலாரை மாடத்தில் ஏற்றினோம்.

நீர் புறப்படவிருந்த காலையிலேயே ஆறு கரை மீறியது. வெள்ளத்தைக் கண்ட ஏழிலாருக்கு வாழ்நாளில் முதன்முறையாகக் கை வியர்த்தது. எக்காளம் வழுக்கிப் படிகளில் உருண்டது. ஓடத்துறையில் மூட்டையோடு நின்ற நீர் ஓடிவந்து, பட்டைக் கிழித்தெறிந்து, வெறுங்கையால் பற்றி ஊதினீர். மூன்று ஊர் மக்கள் மேட்டில் ஏறிப் பிழைத்தனர். படித்துறையில் நீராடிக்கொண்டிருந்த நாமும், மணிமுடியையும் மேலாடையையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு ஏறினோம். அங்கே ஒரு குயவர் மனைவி தன் போர்வையை நமக்குப் போர்த்தி, “நடுங்குறீரே அய்யா, நீரு எந்த ஊரு?” என்று கேட்டாள். கையால் சுட்டினோம், அத்திசையில் தண்ணீர்தான் தெரிந்தது. அப்போது அழுதோம், நன்னாகரே.

நீரோ, அரசாணையை மீறலாகாது என்று சொல்லி, அன்றே எல்லை கடந்துவிட்டீர் என அறிந்தோம்.

இனி, அவ்வாணை நீங்கிற்று. பிடிக்குக் கன்றின் தோல் சுற்றியாயிற்று. நாள்தோறும் துடைக்கும் பணியை நாமே ஏற்றோம். அழுத்தித் தேய்க்கிறோம் என்று, அதற்கு மெருகிட்ட கன்னார் இருமுறை கடிந்துகொண்டார்.

இவ்வோலை நாரை முத்திரையிட்டு ஆவணி வளர்பிறையில் விடுக்கப்பட்டது.

உடனே வருக. வந்தருள்க.

முன்னது கட்டளை, பின்னது வேண்டுகோள். ஓலையில் கீறியதை அழிக்க இயலாமையால் இரண்டும் நிற்கின்றன. உமக்கு உவந்ததைப் படித்துக்கொள்க.