மைக்கில் சொன்ன பெயர்

அக்கா,

காலைக் கூட்டம் ஓய்ந்தபின் கடையில் டிவியைப் போட்டேன். சட்டமன்றம் ஓடிக்கொண்டிருந்தது, கேள்வி நேரம். கேமரா திரும்பும்போதெல்லாம் என் கண் தானாக நீங்கள் உட்காரும் வரிசைக்குப் போனது. அங்கே வேறொருவர் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? ஆனாலும் வந்தது. கழுவ எடுத்த இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடையை நீங்கள் பார்த்ததில்லை. வடமதுரையில், மில் வேன்கள் வந்து நிற்கிற இடத்தில், நீங்கள் போனபிறகு போட்டது. வேனில் இருந்து இறங்குகிற பிள்ளைகளின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இறங்கினேன்.

திண்டுக்கல்லில் உங்கள் ஆபீசுக்கு முதன்முதலாக வந்த நாள் நினைவிருக்கிறதா? என் பக்கத்து மிஷின்காரிக்கு விரல் நசுங்கிய வாரம் அது. நூல் மிஷினை ஓடவிட்டுக்கொண்டே பஞ்சைத் துடைக்கச் சொல்வார்கள், நிறுத்தினால் உற்பத்தி குறையுமாம். வாசல் நிறையக் கட்சிக்காரர்கள். அத்தனை பேரையும் தாண்டி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

"மிஷின நிறுத்தித் தொடைக்க எம்புட்டு நேரமாகும்?"

"செத்த நேரந்தாங்க்கா."

"அந்தச் செத்த நேரத்துக்கா ஒரு வெரலு?" என்று கேட்டீர்கள்.

அதன்பிறகு நீங்கள் அதிகாரிகளை விடவில்லை. சட்டமன்றத்திலும் எழுந்து கேட்டீர்கள். ஒருநாள் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் மில்லுக்குள் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து மிஷினை நிறுத்தித்தான் துடைக்க வேண்டும் என்று ஆனது. புகார் சொன்னது யாரென்று மில்லில் ஒருவருக்கும் தெரியாது. மிஷின் நிற்கும்போதெல்லாம் எனக்குள் நானே சிரித்துக்கொள்வேன்.

அதோடு விட்டிருக்கலாம் நீங்கள்.

நம் ஊர்க் கூட்டங்கள் உங்களுக்குத் தெரியாததா? மேடையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் போதும், அவர் வகையறாவே கோபித்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்கு வராது. அதனால் பந்தல் போட்டவர் முதல் சோடா கொடுத்தவர் வரை எல்லோர் பெயரையும் "அவர்களே, அவர்களே" என்று சொல்லித் தீர்ப்பீர்கள். பெயரை விடுவதுதான் உங்களுக்குத் தெரிந்த பெரிய குற்றம். மில்லைப் பணியவைத்ததற்காக வடமதுரையில் நடந்த அந்த வெற்றிக் கூட்டத்தில், மகளிர் வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என்னைக் கண்டுபிடித்து, மைக்கில் என் பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னீர்கள். "இந்தத் தங்கச்சி மட்டும் வாயத் தொறக்கலன்னா இன்னைக்கு நமக்கு ஏது வெற்றி? மேல வா தாயி!" என்றீர்கள். தோளில் சால்வை போட்டீர்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் பயந்து தலையைக் குனிந்துகொண்டதை நீங்கள் கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் மில் வாசலில் வாட்ச்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன்னய உள்ள விட வேணாம்னுட்டாங்க தாயி. கோவிச்சுக்காத." அடுத்த மில்லில் போய்க் கேட்டேன். "மேடை ஏறுன பொண்ணுல்ல நீயி?" என்று சிரித்தார்கள். அதற்கடுத்த மில்லில் சிரிக்கக்கூட இல்லை.

விஷயம் தெரிந்து நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கார் வேண்டாம் என்று தெருமுனையிலேயே இறங்கி நடந்து வந்தீர்கள். அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்து, "ஒனக்குப் பெருமை சேக்குறதா நெனச்சேன் பிள்ள" என்றீர்கள்.

"பெருமைய வச்சு ஒல பொங்குமாக்கா?" என்று கேட்டேன். எம்.எல்.ஏ.விடம் பேசுகிற பேச்சா என்று என் வீட்டுக்காரர் பதறிப்போனார். நீங்கள் முதலாளியிடம் போனில் பேசி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், நான் வேண்டாம் என்றேன். தயவில் கிடைத்த வேலை தயவு தீர்ந்தால் போய்விடும் என்று உங்களுக்கும் தெரியும்.

அதற்குப்பின்தான் அந்தத் தனிநபர் மசோதாவை எழுத ஆரம்பித்தீர்கள். புகார் சொன்ன தொழிலாளியை வெளியே காட்டிக்கொடுத்தால் தண்டனை, அதற்காக வேலையைவிட்டு நிறுத்தினால் திரும்பச் சேர்த்தாக வேண்டும். வாசித்துக் காட்டும்போது, "காட்டிக்கொடுக்குறது எம்.எல்.ஏ.வா இருந்தாலும்னு சேத்து எழுதச் சொல்லியிருக்கேன்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் உங்கள் மேலிருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

மசோதா விவாதத்துக்கே வரவில்லை. "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலோடு திரும்பி வந்தீர்கள். அடுத்த கூட்டத்தொடரில் விடமாட்டேன் என்றீர்கள். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியபோது உங்களுக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். உங்கள் மசோதாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது இருப்பவரைப் போய்ப் பார்த்தேன். "பாப்போம்மா" என்றார். மீதிப் பாதிக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. நீங்கள் இருந்தால் உங்களிடமே காட்டியிருப்பேன்.

நேற்று மத்தியானம் ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். நான் வேலை பார்த்த மில் இல்லை, வேறு மில். கையில் துணி சுற்றியிருந்தது. இட்லியை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தாள். அங்கே இன்னமும் மிஷினை ஓடவிட்டுத்தான் துடைக்கிறார்களாம்.

"நான் சொன்னா எம் பேரு வெளிய வந்துருமாக்கா? வேல போச்சுன்னா வீட்டுல ஏலாதுக்கா" என்றாள்.

என்ன சொல்ல? உங்கள் மசோதா எங்கே கிடக்கிறதோ. "நீ பேசாம வேலைக்குப் போ. ஒனக்குப் பதிலா நான் போய்ச் சொல்றேன். மில்லுக்காரன் எனக்கு இனிமே என்னத்த நிறுத்தப் போறான்?" என்றேன். அப்புறம்தான் சாப்பிட்டாள்.

நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டுத் திண்டுக்கல்லில் ஆய்வாளர் ஆபீசுக்குப் போகிறேன். உனக்கு யார் சொன்னது என்று அதிகாரிகள் கேட்பார்கள், மிரட்டவும் செய்வார்கள். பயமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று அழுகை வருகிறது.

உங்களிடம் நான் எதையும் ஒளித்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் உங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டேன், அக்கா.