ஏற்றத்துப் பக்கச் சுவர்

மச்சான்,

அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பஞ்சு உறை கையில் வந்தது. சத்தம் அளக்கும் மீட்டரில் காற்றின் இரைச்சல் புகாமலிருக்க நாம் மாட்டிய கறுப்பு உருண்டை. டீசல் புகை வாசம் இன்னும் போகவில்லை. துடைத்தது போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சிதம்பரம் பக்கம் மலை ஏது? ரயில் பாதை மேல் கட்டிய பாலங்கள்தான் நமக்கு ஏற்றம். 2006இல், கரும்பு அரவைப் பருவத்தின் கடைசி மாதங்களில், லாரிகள் ஓடும்போது, கல்லூரி வேலையாக ஒரு பழைய பாலத்தோரம் மீட்டரை நிறுத்தினோம். போலீஸ் என்று நினைத்து டிரைவர்கள் பூனை மாதிரி ஏறினார்கள். அளவெல்லாம் பாழ். நீ பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கிவந்து மீட்டருக்கு முன்னால் பழக்கடை மாதிரி அடுக்கினாய். உடனே ஒரு லாரி நின்று விலை கேட்டது. "வியாபாரம் இல்லண்ணே, நீங்க போங்க" என்று கெஞ்சினாய்.

அந்தச் சிரிப்பு அதோடு சரி. கடலூரில் உன் தெருவை ஒட்டியே புதுப் பாலம் வருவதாக இருந்தது. எவ்வளவு சத்தம் வரும் என்று நெடுஞ்சாலைத் துறையில் நம்மைத்தான் கேட்டிருந்தார்கள். மெதுவாகப் போனால் சத்தம் குறையும் என்பது சமதரைக்கான கணக்கு. ஏற்றத்தில் கியரை இறக்கித் திணறும் லாரிதான் ஜாஸ்தி அலறும் என்று நம் அளவு காட்டியது. ஏற்றத்துப் பக்கம் சத்தத்தைத் தடுக்கும் சுவர் கட்டித் தர ஒப்புக்கொண்டார்கள், ஒரே ஓர் இடத்துக்கு. உன் தெருவுக்கா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கா என்று நீதான் எழுதித் தரவேண்டும்.

இரண்டு இடத்திலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். உன் தெரு என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லிப் பார்த்தேன்.

"பசங்களுக்குப் பாடம் காதுல உழணும் மச்சான். நாங்க ஜன்னல சாத்திக்கறோம்" என்றாய்.

காபி கொண்டுவந்த உன் மனைவி என்னிடம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் கணக்கு போடுவாருண்ணா, ஊட்டுக்கு மட்டும் போட மாட்டாரு."

பாலம் வந்தது. நீ கணித்த அளவுக்கே சத்தமும் வந்தது. அதில் உனக்குப் பெருமை வேறு. பிறகு நெஞ்சு நோவில் படுத்தாய். நல்ல தூக்கம் வேண்டும் என்றார் டாக்டர். ஒவ்வொரு லாரிக்கும் நீ திடுக்கிட்டு விழிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தாங்காமல், "இப்பவும் அப்படியேதான் எழுதுவியா?" என்று கேட்டேன். "வேற என்னா எழுதச் சொல்ற?" என்றாய்.

2011இல் உன்னைப் பாடையில் எடுத்துக்கொண்டு புறப்பட்ட காலையில், உன் மனைவி வாசலில் விழுந்து கதறினாள். வாய் அசைவதுதான் தெரிந்தது. ஏறுகிற லாரியின் சத்தத்தில் அவள் என்ன சொல்லி அழுதாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. உன்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தெருவில் திரும்பினோம். உள்ளே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் எண்ணும் தெளிவாகக் கேட்டது. கோபம் இன்னும் போகவில்லை, மச்சான். அந்த வாய்ப்பாடும் போகவில்லை.