மைதானத்தில் ஞானவேலுக்கு ஓர் இடம்

1962 டிசம்பர் 9, ஞாயிறு

பனியில் டிரம் தோலெல்லாம் தொய்ந்துவிட்டது. பள்ளிச் சமையல்கட்டில் அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிட்டுக்கொண்டிருந்தேன். பூண்டி கிராமத்து நாச்சிமுத்து குதிரையில் பூண்டு மூட்டைகளோடு வந்தார். மூட்டையை இறக்கியதும் காபி கேட்கிறவர், இன்று சட்டைப் பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டினார். பட்டாளத்தில் இருக்கும் அவர் மகன் ஞானவேல் சீனச் சண்டையில் காணாமல் போய்விட்டானாம்.

"காணலைன்னா என்னங்க அர்த்தம், வாத்தியாரே? எங்கெங்க தேடிப் பாத்தாங்களாம்?"

ஞானவேல் எங்கள் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். என்னிடம் சைடு டிரம் கற்றவன். "கர்த்தர் பாத்துக்குவார்" என்றேன். அவர் முருகனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் தலையாட்டினார்.

1963 ஜனவரி 8

குடியரசு தின விழாக் கமிட்டி கூடியது. தலைவர் தண்டாயுதபாணி, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சத்தமாகவே சொன்னார்: "இந்தத் தடவை கொடியேத்திட்டுக் கலையிற சோலி இல்ல. சீனாக்காரன் காதுல விழணும்." பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கட்டைத் துப்பாக்கியைத் தோளில் வைத்து நடக்க வேண்டுமாம். பள்ளங்கி ஊர் சின்னக்கருப்பன் மேசையைத் தட்டி ஆமோதித்தார். பழைய உலக யுத்தத்தில் மலேயா வரை போய் வந்தவர். வருடாவருடம் மெடல்கள் குலுங்க எங்கள் பேண்டுக்கு முன்னால் நடப்பவர்.

எங்கள் பிரின்சிபால் துரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"எல்லாத்துக்கும் வெள்ளைக்காரனத்தான் கேக்கணுமா?" என்றார் தண்டாயுதபாணி. சுருக்கென்றது.

ஜனவரி 9

பிரின்சிபால் துரையின் சபையில் யாரும் ஆயுதம் தொடுவதில்லை. "பேண்டு போகட்டும், பரமானந்தம். கொடியை வணங்கட்டும். நம் பிள்ளைகள் கையில் துப்பாக்கி வேண்டாம், கட்டையானாலும்."

அவர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. அவர்கள் சொல்வதும் படுகிறது. நான் என்னதான் நினைக்கிறேன்? நடை பிசகாமல் இருந்தால் போதும் என்றே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

ஜனவரி 19

ஞானவேலின் பெற்றோருக்குக் கமிட்டியார் விழா மேடையில் சால்வை போடப்போகிறார்களாம். அழைத்துவர என்னைப் பூண்டிக்கு அனுப்பினார்கள்.

நாச்சிமுத்து வரப்பை விட்டு எழவே இல்லை. "சால்வைய வாங்கிட்டா எம்மவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் வரலைங்க."

அவர் மனைவி கந்தம்மாள் வீட்டு வாசலிலிருந்தே கேட்டார்: "நாலு பேரு அவன் பேரச் சொன்னா என்ன கொறஞ்சு போகுது? அவன் எதுக்குப் போனான்? நான் போவேன்."

"அப்ப நீ எனக்குச் சோறு வைக்க வேண்டாம்."

நான் குனிந்த தலை நிமிராமல் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 26

மற்றப் பள்ளிப் பிள்ளைகள் கட்டைத் துப்பாக்கியோடு போனார்கள். எங்கள் பிள்ளைகள் டிரம்மும் பியூகிளும் மட்டும். கூட்டத்தில் யாரோ, "பாதிரி வீட்டுக் கல்யாண ஊர்வலம்" என்று கத்தினார்கள். சிரிப்பு. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கடைசி வரை நின்றார்.

கந்தம்மாள் தனியாக மேடையேறினார். 'வீரமரணம்' என்று தண்டாயுதபாணி சொன்னபோது அந்த அம்மாள் முகம் போன போக்கு... அந்த வார்த்தையை எதிர்பார்த்து அவர் வரவில்லை.

ஜனவரி 31

சால்வை வாங்க வராததால் பஜாரில் நாச்சிமுத்துவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுவிட்டது.

மார்ச் 3

எங்கிருந்தோ யூகலிப்டஸ் சருகு எரியும் வாசனை. ஐம்பத்து நாலாம் வருடத்துச் சுதந்திர தினம் நினைவுக்கு வந்தது. ஏரியைச் சுற்றி மார்ச். ஞானவேல் முதல் வரிசை, குளிரில் விரல் விறைத்தும் ஓர் அடி தப்பாமல் வாசித்தான். எதிரே நாச்சிமுத்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தார். பெரிய டிரம் சத்தத்தில் குதிரை மிரண்டு மூட்டை அவிழ்ந்து கிழங்கெல்லாம் சரிவில் உருண்டது. என் பேண்டு முழுக்க வரிசை கலைந்து கிழங்கைத் துரத்தியது! துரையும் ஓடினார். சின்னக்கருப்பன் மெடலோடு குனிந்து பொறுக்கினார். அன்று யார் எந்தச் சபை, யாருக்கு எவ்வளவு தேசப்பற்று என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. கொடி ஏறியபோது எல்லோர் கையிலும் மண்.

அப்படி ஒரு காலை இனி வருமா?

மே 14

உயிரோடு இருக்கிறான்!! சீனாக்காரன் பிடித்து வைத்திருந்தானாம். விட்டுவிட்டானாம். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

மே 16

பஸ் நிலையத்திலிருந்து பேண்டோடு அழைத்து வரலாமா என்று தண்டாயுதபாணியிடம் கேட்டேன். துணியை அளந்துகொண்டே சொன்னார்: "கையத் தூக்கிட்டு வந்தவனுக்கு எதுக்குங்க பேண்டு? நாங்க அவனுக்கு வீரமரணம்னு பேசிட்டோம். இப்ப எங்க மொகத்த எங்க வச்சுக்கிறது?"

அடப்பாவி. செத்தால் சால்வை, பிழைத்தால் இதுதானா? ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமா?

ஜூலை 6

ஞானவேல் வந்தான். எல்லைப் பனியில் விறைத்து ஒரு காலின் விரல்கள் போய்விட்டன; பட்டாளத்தில் இனி வேலை இல்லை. பஸ் நிலையத்தில் பெற்றோரும் நானும்தான். "சார்" என்று விறைப்பாக நின்றவன், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

குதிரையில் ஏற்றிப் பூண்டிக்குப் புறப்பட்டோம். குதிரைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. இருவரும் மகனோடு மட்டும் பேசிக்கொண்டு நடந்தார்கள். வழுக்கல் பாறை ஒன்றில் குதிரை சறுக்கியது. "ஏங்க, வெரசாக் கயித்தப் புடிங்க!" என்று கந்தம்மாள் கத்தினார். "புடிச்சுட்டேன், நீ காலப் பாத்து வையி" என்றார் நாச்சிமுத்து. அதற்குப் பிறகு வழி முழுக்க இருவரும் விடாமல் பேசினார்கள், பெரும்பாலும் சண்டைதான். ஞானவேல் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

1964 ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே மைதானம். இந்த வருடமும் அவர்களுக்குத் துப்பாக்கி, எங்களுக்கு டிரம். யாரும் கேலி செய்யவில்லை. பழகிப்போயிற்று போலும்.

ஞானவேல் வேட்டி சட்டையில் கூட்டத்தின் ஓரமாக நின்றான். பழைய பட்டாளத்துக்காரர்கள் வரிசையிலிருந்து சின்னக்கருப்பன் கூப்பிட்டார்: "ஏலே ஞானவேலு, அங்க என்ன சோலி? இங்க வா."

தண்டாயுதபாணி அவர் காதருகே போய் ஏதோ முணுமுணுத்தார். சின்னக்கருப்பன் குரலைத் தணிக்கவில்லை. "சிங்கப்பூருல நானுந்தான்யா கையத் தூக்குனேன். மூணு வருசம் ஜப்பான்காரன் கொட்டடியில கெடந்தேன். இத்தன வருசமா என்னைய முன்னால நடக்க விட்டீங்களே, ஒருத்தராவது கேட்டீங்களா?"

டிரம் குச்சியைத் தூக்கிய பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். தண்டாயுதபாணி கொடிக்கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார். சின்னக்கருப்பன் ஓர் அடி நகர்ந்து தன் வலப்பக்கம் இடம் விட்டார். ஞானவேல் நொண்டிக்கொண்டே வந்து நின்றான். நான் கையசைத்தேன். பேண்டு தொடங்கியது.

கந்தம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து உள்ளே வரவே இல்லை. மைதான வாசலுக்கு வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு, கொடிமரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். விழா முடிந்ததும் கந்தம்மாள் தனக்குக் கொடுத்த மிட்டாயை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினார். ஒரு நிமிடம் அதையே பார்த்தவர், வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.