இராசாத்தியின் இடக்கை

மட்டக்களப்பு,
12-7-1936

அன்புள்ள அண்ணாவுக்கு, பூரணி வணக்கத்துடன் எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்; எனக்குப் பாதகமானதையும் விடமாட்டேன். இங்கே விடுதியில் சுகம். கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்டெழுதச் சொன்னா. ஊரில், பனிச்சங்கேணியில், மீன்பாடு பரவாயில்லையாம்.

வாவிக்கரை பங்களாவில் மெல்லிங் துரை என்று ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருக்கிறார். புல்வெளியில் சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் விழுத்தும் கோல்ஃப் விளையாட்டைப் பழக்க ஒரு புத்தகமே எழுதியவர். புத்தகம் எழுதிய மனிதரை நான் நேரில் கண்டது இதுதான் முதல்தடவை, அண்ணா. அவருக்குக் கண் மங்கிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த புத்தகத்தைச் சனிக்கிழமைகளில் வந்து வாசித்துக் காட்ட ஒரு பிள்ளை வேண்டுமென்று பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆச்சிப்பிள்ளை ரீச்சர் என்னையும் என்னோடு விடுதியில் இருக்கும் இராசாத்தியையும் அவர் முன் நிறுத்தினா.

நான் ஒரு பிழையும் விடாமல் வாசித்தேன். இராசாத்தி தடுமாறினாள். அந்தச் சனிக்கிழமைகள் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். பிறகு துரை ஒரு பந்தைப் பார்க்கத் தந்தார். நான் இரண்டு கையாலும் பணிவாக வாங்கினேன். ரீச்சர் எவ்வளவு அடித்தும் திருந்தாத இராசாத்தி இடக்கையை நீட்டினாள். “கை!” என்றா ரீச்சர். அவள் இழுக்குமுன் துரை அந்தக் கையிலேயே பந்தை வைத்து விரல்களை மூடினார். தானும் இடக்கைக்காரராம். சின்ன வயதில் அந்தக் கையைக் கட்டிவைத்தார்களாம். அவர் எழுதுவதே இடக்கைக்காரருக்காகத்தானாம். வாசித்தபடி மட்டையைப் பிடித்துப் பார்த்து, எழுதியது சரியா என்று சொல்ல அப்படியொரு பிள்ளைதான் வேண்டுமாம். கையெழுத்து வைத்து முதல் புத்தகத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதி, வெட்டிவிட்டேன். அந்தப் புத்தகத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள். படங்களையாவது காட்டடி என்று கேட்டேன்.

“உனக்கு விளங்காது பூரணி. உன்ட கை மற்றப் பக்கம்.”

பகிடிக்குத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாளும் அடி வாங்காதது இப்போது என் குறையாகிவிட்டது.

நான் ஒளித்து இடக்கையால் பழகுகிறேன். இந்தப் பந்தி அந்தக் கையால் எழுதியதுதான். எழுத்துகள் சரிந்து கிடக்கும்; பொறுத்து வாசியுங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். வாசிக்க முடிந்ததா என்று மட்டும் உடனே எழுதுங்கள், அண்ணா. முடிந்தது என்றே எழுதுங்கள்.

உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும் தங்கை,
அன்னபூரணி

பி.கு: விளக்கை அணைத்துவிட்டார்கள்; இந்த வரி இருட்டில் எழுதியது.