பதில் மணி

அப்பாவுக்கு ஜெசிந்தாவின் ஸ்தோத்திரம். இருமல் தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நான் சௌக்கியம்தான். ஆபீஸில் மட்டும் ஒரு சின்னச் சண்டை.

ஆஸ்பத்திரிப் பதிவுகளை இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சர்வரும் அங்கே ஒயிட்ஃபீல்டில் ஒரு சர்வருமாக ஒரே மாதிரி எழுதி வைக்கிறோம். அங்கேயும் எழுதியாயிற்று என்று பதில் வந்தால்தான் இங்கே வேலை முடிந்ததாகக் கணக்கு. இங்கே மட்டும் புது டிஸ்க் போட்டுவிட்டு, ஏன் வேகம் கூடவில்லை என்று என் உயிரை எடுக்கிறார்கள். அங்கே இருப்பது பழைய டிஸ்க் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

நேற்று மேனேஜர், “அந்தப் பதிலுக்கு எதுக்கும்மா வெயிட் பண்ணணும்? ஆஃப் பண்ணிடு, ஸ்பீடு தானா வரும்” என்றார்.

“இங்க டிஸ்க் போச்சுன்னா, அங்க எழுதாததெல்லாம் போயிடும் சார். நான் பண்ண மாட்டேன்” என்றேன். அதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுரங்கத்தில் கீழேயிருந்து பதில் மணி வராமல் நீங்கள் ஒரு நாளாவது ஆட்கள் ஏறி வரும் கூண்டைத் தூக்கியிருப்பீர்களா?

ஹாஸ்டல் கம்பளி குத்துகிறது. என் பச்சைப் போர்வையை, இந்தக் கடிதம் கொண்டுவரும் குணசேகர் அண்ணனிடமே கொடுத்தனுப்புங்கள். போனில் எழுதினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். அதனால், உங்கள் கையால் இரண்டு வரி வாங்காமல் ரயில் ஏறக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆபீஸ் கேப் வந்துவிட்டது.

ஜெசிந்தா