நல்லா இருக்கு, ஆன்ட்டி

ஜூன் 12, வெள்ளி

வெயில் கொல்கிறது. தண்ணி லாரி இன்றும் வரவில்லை. ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்து விரல் வலி. சாயங்காலம் பாண்டி பஜார். பச்சை சுடிதார் ஒன்று. அளவு கொஞ்சம் பெரிசு, பிடித்துத் தைக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வாங்கியாயிற்று, கையில் தேய்க்க. மீன் வாடை போக வேண்டும்.

நாளை மதியம் வின்சென்ட்டின் அம்மாவோடு சாப்பாடு. ஸ்டார் ஓட்டலில் புதிதாக ஜப்பான் ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார்கள். சூஷியாம். வி.க்குப் பிரமோஷன், அதற்கு ட்ரீட் என்று பேர். உண்மையில் ஆன்ட்டி என்னை முதல்முறையாகப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்தால்தான் கல்யாணம். வி. அம்மா பேச்சைத் தாண்டமாட்டான்.

ஆன்ட்டி அடையாறில் டீச்சர். என் அம்மா ‘சீ ஃபுட் பிசினஸ்’ என்று வி. சொல்லிவைத்திருக்கிறான். கூடையில் மீன் விற்பதும் பிசினஸ்தானே? பொய் இல்லையே? இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். வெட்கங்கெட்டவள்.

சூஷி என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பு. “பச்ச மீனையா? ஏன், அவனுங்க ஊட்ல அடுப்பு இல்லியா?”

ஜூன் 13, சனி

வந்து சேர்ந்தாயிற்று. தலை விண்விண் என்கிறது.

ஏசி குளிரில் பல் கிட்டித்தது. விரல் நீளத்துக்குச் சோற்று உருண்டை, மேலே மீன் துண்டு. சோறு ஆறி விறைத்துப்போயிருந்தது. குச்சி எனக்குப் பிடிபடவில்லை, கையாலேயே எடுக்கலாம் என்றார் வெயிட்டர். “ஜப்பான்லேர்ந்து ப்ளைட்ல வர்ற மீன் மேடம்.”

பார்த்ததும் தெரிந்துவிட்டது. சூரை. ஓரமெல்லாம் பழுப்படித்துவிட்டது. கை தன்னால் போய்க் கட்டைவிரலால் அமுக்கியது. குழி விழுந்தது, எழும்பவே இல்லை. மூக்குக்கிட்டே வேறு கொண்டுபோய்விட்டேன். சனியன் பிடித்த பழக்கம். அம்மா கூடையில் நான் அமுக்கிப் பார்க்காத மீனா?

ஆன்ட்டி சிரித்துவிட்டார். “என்னம்மா இது, மீன்காரி மாதிரி அமுக்கிப் பாக்கறே!”

வி. மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அப்படியே வாயில் போட்டு விழுங்கினேன். நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுருக்கென்றது. கெட்ட சூரை தின்றால் உடம்பு தடிக்கும், வாந்தி வரும். எங்கள் குப்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

“எப்படி இருக்கு? எனக்குப் பச்சையா சாப்பிடவே பயம். நீ சொன்னா சாப்பிடறேன்” என்றார் ஆன்ட்டி.

“நல்லா இருக்கு, ஆன்ட்டி.”

சொன்னேன். நாக்கு அழுகிப்போக. என்னை நம்பி அவர் தட்டையே காலி செய்தார். “ஒண்ணும் பெரிசா இல்லையேடா. இதுக்கு நம்ம வீட்டு மீன் வறுவலே தேவலை.” வி. முகம் தொங்கிப்போனது. நான் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி, “நல்ல பொண்ணுடா” என்றார் அவனிடம். பிடித்துவிட்டதாம் என்னை.

ஜூன் 14, ஞாயிறு, காலை

எஸ்.டி.டி. பூத்துக்கு வி. போன். “எங்கம்மாவுக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து வாந்தி. உடம்பு பூரா தடிப்பு. டாக்டர் ஊசி போட்டிருக்கார். உனக்கு ஒண்ணும் இல்லையே?”

கழுத்தில் கொஞ்சம் அரிப்பு. அவ்வளவுதான்.

அம்மா மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா மீனு?”

“சூரை.”

“அமுக்கிப் பாக்கலியா நீ?”

நான் கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

“தெரிஞ்சிக்கினேவா துன்ன உட்ட?”

அதற்குமேல் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு, “நானும் போய் பாக்கறேன். ஒடம்பு முடியாம கீறாங்க, சம்மந்தி போவலன்னா நல்லாவா கீது?” என்றாள். வேண்டாம், இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டேன். கிளம்பிப் போய்விட்டாள்.

அதே நாள், சாயங்காலம்

சர்ச்சில் பூசை முடிந்து அடையாறு போனேன். பஸ்ஸில் கூட்டம், செருப்பு வார் அறுந்தது. ஆன்ட்டி சோபாவில் படுத்திருந்தார், முகம் வீங்கி. வி. மருந்துக் கடைக்குப் போயிருந்தான். “பாவம்மா நீ. அந்தக் கண்றாவியை உன்னையும் தின்ன வச்சுட்டானே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

கேட்டில் சத்தம். ஜன்னலில் பார்த்தால் அம்மா. வியாபாரத்தை முடித்துக்கொண்டு, வழி விசாரித்து நேரே வந்திருக்கிறாள். தூக்கிச் செருகிய புடவை, இடுப்பில் கூடை.

ஆன்ட்டியும் பார்த்துவிட்டார். “ஐயோ, மீனா? நினைச்சாலே குமட்டுது. இன்னிக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடும்மா.”

போனேன். கேட்டைத் திறக்கவில்லை. கூடையில் மீன் இல்லை, இரண்டு இளநீர். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். புரிந்துகொண்டுவிட்டாள். உள்ளே கேட்கிற மாதிரி, “வேணாமா? சரிம்மா, நாளைக்கு வரேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருமுனை திரும்புகிறவரை.

உள்ளே வந்ததும் ஆன்ட்டி கேட்டார், “போயிட்டாளா அவ?”

“அது எங்கம்மா, ஆன்ட்டி. உங்களைப் பாக்க வந்தாங்க. நேத்து மீன் கெட்டுப்போனதுன்னும் எனக்குத் தெரியும்.” எல்லாம் ஒரே மூச்சில். அவர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் அம்மா இல்லை.

வி. போன் செய்யவில்லை. செய்வானா, தெரியாது.

வீட்டில் அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“அதான் நான் சமாளிச்சிக்கினு வந்துட்டேனே. அப்பால எதுக்குச் சொன்ன?”

“மனசு கேக்கலம்மா.”

தலை நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“சொல்றதுதான் சொன்ன. நான் கேட்டாண்ட நின்னப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? உள்ள வந்து ஒரு வாய் காபியாவது குடிச்சிருப்பேன்.”