கிசுமு ஏரிக்கரையில் மாப்பிள்ளை பார்த்தது

மார்ச் 7, 2025. வெள்ளி. வோபர்ன், ரொறொன்ரோ, கனடா

இந்தப் பயணத்தில் நடப்பதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் மறைக்காமல் எழுதுவேன். எங்கள் வீட்டில் உண்மை சொல்ல ஒருவராவது வேண்டும். "மார்ச் பிரேக் லீவுக்குப் பிள்ளைக்கு மிருகம் காட்டப் போறம்" என்று அம்மா போனில் எல்லோருக்கும் சொல்கிறார். பொய். அம்மாவின் தங்கை மயூரிச் சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம். பிரியந்தன் என்று பெயர். கென்யாவில், கிசுமுவில், மீன் தொழிற்சாலையில் வேலை. கலியாணம் முடித்து இங்கே கூப்பிடுவதாகத் திட்டம். சித்திக்கு முப்பத்துமூன்று வயது. என் அறையில்தான் படுக்கிறார்.

மார்ச் 11. செவ்வாய். கிசுமு

விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு சின்னச் சரணாலயம். சித்தியும் மாப்பிள்ளையும் சந்திக்க அங்கேதான் ஏற்பாடு. நான் இரண்டு புத்தகம் வாசித்துவிட்டு வந்தேன். மற்றவர்கள் பற்றிஸ் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தார்கள்.

அம்மா என் காதுக்குள், "அவையள் தனியக் கதைக்கட்டும். நீ பின்னால போ. என்ன கதைக்கினம் எண்டு கேட்டுக்கொண்டு வா" என்றார். தனியாகக் கதைப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு இதுதான்.

மாப்பிள்ளை ஒரு விரலை நீட்டி, "உது மான்" என்றார்.

"இம்பாலா," என்றேன்.

"அதுவும் மான்தானே, தங்கச்சி?"

கூண்டுக்குள் படுத்திருந்த சிறுத்தையைப் புலி என்றார். பெயர்ப்பலகை அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது. "எங்கட மனேச்சரும் உப்பிடித்தான். சாப்பாட்டுக்கு மட்டும் எழும்புவார்." இதற்குச் சித்தி சிரித்தார்! அப்பாவின் கையிலிருந்த பற்றிஸ் பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓட, அப்பா செருப்போடு துரத்த, இவர்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீர்யானை தெரிகிறதா என்று ஏரியைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

பிறகு, தண்ணீர்க்கரையில் அவர் சொன்னது: "நான் கனடாவுக்கு வரமாட்டன், மயூரி. எனக்கு இந்த ஊர் பிடிச்சுப்போச்சு. நீங்கள் இஞ்ச வருவீங்களோ?"

சித்தி சொன்னது: "யோசிக்கலாம்... அக்காவுக்கு நானே சொல்லுறன். ரொறொன்ரோ போய்ச் சேரட்டும்."

மார்ச் 12.

அம்மா கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும், சிறுத்தை உட்பட.

மார்ச் 16. ஞாயிறு. வோபர்ன்

சித்தி வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தம் பேசிய மங்கையற்கரசி அன்ரிக்கு அம்மா போன் எடுத்தார். "ஆபிரிக்காவிலயோ எங்கட பிள்ளை போய் இருக்கிறது? வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ." அப்பா பக்கத்திலிருந்து, "சிறுத்தைக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்!" என்று கத்தினார். என்னுடைய வசனம்! அப்பா அந்தச் சிறுத்தையைப் பார்க்கவே இல்லை. குரங்கைத்தான் பார்த்தார்.

சித்தியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 18.

"நானே சொல்லுறன் எண்டு அவரிட்டச் சொன்னது உனக்குக் கேட்டதுதானே?" என்று சித்தி கேட்டார்.

"ஓம். ஆனா அம்மா கேட்டவா. நான் பொய் சொல்லுறதோ?"

"பொய் சொல்லச் சொல்லேல்லை. 'சித்தியைக் கேளுங்கோ' எண்டிருக்கலாம்."

அது பொய் இல்லைத்தான். ஏன் எனக்கு அது வரேல்லை? இவ்வளவு வாசிச்சு என்ன — ஆக்கள் சொன்னதைக் கொண்டுபோய்க் கொட்டுறதுக்கோ?

மார்ச் 29.

சித்தி இப்போது வேலை முடிந்து வந்தும் காருக்குள் இருந்துதான் போன் கதைக்கிறார். ஜன்னலால் தெரிகிறது. சிரிக்கிறார். என்ன பகிடியோ. நல்ல பகிடியாக இருக்காது.

ஏப்ரல் 19. சனி

சாப்பிடும்போது சித்தி, "மே மாசம் கிசுமு போறன். ரிக்கெற் எடுத்தாச்சு" என்றார்.

அம்மா அழுதார். "சனம் என்ன சொல்லும், மயூரி?"

"சனத்துக்கு மிருகம் பாக்கப் போயிட்டாள் எண்டு சொல்லுங்கோ, அக்கா."

அப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஆளை இன்னும் பிடிக்கவில்லை. அவருக்கு என்று விலங்குப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சித்தியிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. நான் அறைக்குள் வந்ததும் சித்தி போனில், "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்கூல் எப்படி என்று கேட்டார். நல்லது என்றேன். அவ்வளவுதான்.

லைற்றை நூர்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.